அப்பா போவதற்கு முந்தின நாள் மனசு அடித்துக்கொண்டது. முன்னுணர்வு என்பது உண்மையா?

செம்பூர் மகள் (ஞாயிறு இரவு 10.50)

எட்டு மாதமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் செம்பூரில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் பாளையங்கோட்டையில். போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை, தாதர் போக குர்லாவில் வண்டி மாற நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது மணிக் கூட்டம். ஒரு கையில் டப்பா, தோளில் பை. திடீரென்று வயிற்றுக்குள் ஒரு கனம் இறங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்பாவுக்குப் போன் போட வேண்டும் என்று தோன்றியது. கை பைக்குள் போய்ப் போனைத் தொட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குள் ஃபாஸ்ட் லோக்கல் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஆபீஸ் போனதும் வேலை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அந்த நினைப்பே இல்லை.

மறுநாள் விடிகாலை 4.20-க்குத் தம்பி கூப்பிட்டான். தூக்கத்திலேயே மாரடைப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "உனக்குத்தான் முதல்ல பட்டிருக்கு. பெத்த பிள்ளைக்குத் தெரியாமப் போகுமா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தெரிந்திருந்தது, தெரிந்தும் நான் கூப்பிடவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

நடக்கப்போவது மனசுக்கு முன்கூட்டியே தெரியுமா? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தாராவிக்காரன் (ஞாயிறு இரவு 11.25)

தங்கச்சி, அப்பா ஆத்மா சாந்தியடையட்டும். நானும் நெல்லைப் பக்கம்தான்.

என் கதையைக் கேளுங்கள். 2006 ஜூலை 11. ஆபீஸ் முடிந்து சர்ச்கேட்டில் வழக்கமான வண்டியைப் பிடிக்க வேகமாக வந்தேன். ஸ்டேஷன் வாசலில் பிள்ளைகளுக்கான செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு வாங்க வேண்டும் என்று அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கால் அங்கேயே நின்றது. பேரம் பேசி வாங்கித் திரும்பினால் வண்டி போய்விட்டது. அந்த வண்டியில்தான் மாஹிம் பக்கம் குண்டு வெடித்தது. நான் தினமும் இறங்குகிற ஸ்டேஷன் மாஹிம்.

என்னை அங்கே நிற்க வைத்தது எங்கள் சுடலைமாடன் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அதனால் மனசு சொல்வதைத் தள்ளாதீர்கள் என்பேன்.

மாட்டுங்கா கணக்கர் (திங்கள் காலை 7.10)

இருவருக்கும் வணக்கம். ஆயுள் காப்பீட்டுத் துறையில் முப்பத்தொரு வருடம் மரண விகிதக் கணக்கு போட்டவன் நான். அந்தப் பழக்கத்தில் பேசுகிறேன், மனசு நோகும்படி இருந்தால் மன்னியுங்கள்.

அண்ணாச்சி, அன்று பதினொரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. நூற்றெண்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். மேற்கு ரயில்வேயில் தினமும் பல லட்சம் பேர் போகிறோம். இதில் எந்த நாளை எடுத்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வழக்கமான வண்டியை விடுகிறார்கள். செருப்பு, டீ, மேனேஜர் கடைசி நிமிடத்தில் கொடுத்த பேப்பர், இப்படி ஏதோ ஒன்று. மற்ற நாளில் அதை வீட்டில்கூடச் சொல்லமாட்டோம். அந்த ஒரு நாளில் மட்டும் தாமதம் என்பது கதையாகிவிடுகிறது. அதே மாதிரி எங்கோ நின்று தாமதமாகி, முந்தின வண்டியை விட்டு இந்த வண்டியில் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் சொல்ல வரவில்லை.

சகோதரிக்கு ஒரு கணக்கு. பத்து லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அப்பா இறக்கும் வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் காரணமில்லாமல் அப்பாவை நினைத்து மனசு கலங்குகிறது என்று வைப்போம். அந்த நாள் சரியாக இறப்புக்கு முந்தின நாளாக அமைய 365-ல் ஒரு வாய்ப்பு. அப்படியானால் 2,700 பேருக்கு மேல் எந்த மாயமும் இல்லாமல், வெறும் எண்ணிக்கையாலேயே, உங்களுக்கு நடந்தது நடந்திருக்கும். வெளியூரில் வயசான பெற்றோரை விட்டுவந்த நமக்கு வருடத்தில் ஒரு நாளா கலங்குகிறது? மாதத்துக்கு நாலு தடவை இருக்கும்.

லூயி ஆல்வாரெஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர், பின்னால் 1968-ல் நோபல் பரிசு வாங்கியவர், ஒருநாள் பேப்பர் படிக்கும்போது ஒரு சொற்றொடரைப் பார்த்துப் பல வருடம் நினைக்காத ஒரு பழைய ஆளை நினைத்தார். சில நிமிடத்தில் அதே பேப்பரில் அந்த ஆளின் மரணச் செய்தி! மனிதர் ஆடிப்போய்விட்டார். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு 1965-ல் 'சயின்ஸ்' இதழுக்கு எழுதினார். அமெரிக்காவில் மட்டும் தினமும் பத்துப் பேருக்கு இந்த மாதிரி அனுபவம் தற்செயலாகவே நடக்க வேண்டும் என்று வந்தது அவர் கணக்கு.

டோம்பிவிலி டீச்சர் (திங்கள் மதியம் 2.15)

மகளே, நான் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கர் ஐயா சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் 365-ல் ஒன்று என்று சொல்லிவிட்டால், அந்த ஒருத்தியாக நிற்கிறவளுக்கு என்ன பதில்?

நம் முன்னோர் இதை இரண்டாயிரம் வருடமாகக் கவனித்திருக்கிறார்கள். போருக்குப் போன தலைவன் எப்போது வருவான் என்று அறிய, முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி ஊர்ப்புறத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதை முல்லைப்பாட்டு சொல்கிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடைப்பெண் ஒருத்தி, தவிக்கும் கன்றிடம் "உன் தாய் இப்போதே வந்துவிடுவாள்" என்கிறாள். அதையே நற்சொல்லாக எடுத்துத் தலைவியிடம் வருகிறார்கள். விரிச்சி கேட்பது என்று அதற்குப் பெயர். பல்லி சொல்வதும் கண் துடிப்பதும் நம் வீட்டில் இல்லாததா?

வெள்ளைக்காரன் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 குழந்தைகள். ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர், இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் எழுதுங்கள் என்று பேப்பர் மூலம் கேட்டார். 76 கடிதம் வந்தது. 2011-ல் டாரில் பெம் என்ற பேராசிரியர் ஆயிரம் மாணவர்களுக்கு மேல் வைத்துச் சோதனை செய்து, வரப்போவது மனசுக்குத் தட்டுப்படுகிறது என்று பெரிய உளவியல் இதழிலேயே எழுதினார். எல்லாம் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கோரேகான் மாணவன் (திங்கள் இரவு 9.40)

டீச்சரம்மா, நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டையுமே வகுப்பில் படித்தோம். இரண்டுக்கும் பின்கதை உண்டு.

பெம் செய்த சோதனைகளில் ஒன்றை மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தனித்தனியாகத் திரும்பச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. முடிவுகளை நம்பும் முன் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று உளவியல் துறையே விழித்துக்கொண்டதற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

பார்க்கர் அதோடு நிற்கவில்லை. நடந்தபின் வரும் கடிதத்தை நம்ப முடியாது, நடக்கும் முன்பே எழுதி வாங்குவோம் என்று 1967 தொடக்கத்தில் ஒரு பத்திரிகையாளரோடு சேர்ந்து முன்னுணர்வுகளைப் பதிவு செய்ய ஒரு அலுவலகமே திறந்தார். நல்ல யோசனை. கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. பெரும்பாலானவை பலிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் சில தடவை பக்கத்தில் வந்தார்கள். வரிசையாக நூறு விபத்து வரும் வரும் என்று எழுதினால் சில பக்கத்தில் வரத்தான் செய்யும்.

ஆனால் அபர்ஃபானில் எனக்கு மனசை அறுப்பது வேறு விஷயம். அந்தக் கழிவு மலையை ஒரு நீரூற்றின் மேல் கொட்டி வைத்திருந்தார்கள். 1963-லேயே, அதாவது மூன்று வருடம் முன்பே, பள்ளிக்குப் பின்னால் கொட்டப்படும் கழிவால் ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகப் பொறியாளர் நிலக்கரி வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஊர் ஜனம் தினமும் அந்த மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குப் பயங்கரக் கனவு வந்திருந்தால், அது எதிர்காலத்திலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக நின்றுகொண்டிருந்தது காரணம்.

அதனால்தான் கணக்கர் சாரோடும் நான் முழுதாகச் சேரவில்லை. தற்செயல் பாதிக் கதைதான். மனசுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய நேரமாகும், அது மீதிக் கதை. அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு அதிகாரி, சமையலறைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை. என்னவோ சரியில்லை என்று தோன்றி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அவர்கள் வெளியேறியதும் அவர்கள் நின்ற தளம் இடிந்து விழுந்தது. உண்மையான தீ கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு அமானுஷ்ய சக்தி என்றே அவர் நம்பினார். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டபிறகுதான் தெரிந்தது: அந்தச் சின்னத் தீக்கு அறை மீறிச் சூடாக இருந்தது, சூட்டுக்குத் தக்க சத்தமும் இல்லை. பல வருட அனுபவம் அதைக் கவனித்துவிட்டது. வாயில் வர வார்த்தைதான் இல்லை.

1997-ல் அயோவாவில் செய்த சீட்டு விளையாட்டுச் சோதனையும் அப்படித்தான். நாலு கட்டு, அதில் இரண்டு நஷ்டக் கட்டு. எது நஷ்டம் என்று ஆடுகிறவர் வாயால் சொல்ல முடியாத கட்டத்திலேயே, அந்தக் கட்டை நோக்கிக் கை போகும்போது உள்ளங்கை வியர்த்ததைக் கருவி காட்டியது.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? அந்தப் புதன்கிழமைக்கு முன் அப்பாவோடு கடைசியாக எப்போது பேசினீர்கள், என்ன பேசினீர்கள்?

செம்பூர் மகள் (செவ்வாய் இரவு 11.30)

கோரேகான் தம்பி கேட்டதற்காக இன்று சாயங்காலம் போனை எடுத்தேன். எட்டு மாதமாக அந்த அரட்டையைத் திறக்கவே இல்லை.

ஞாயிறு பதினொரு நிமிடம் பேசியிருக்கிறோம். திங்கள்கிழமை மத்தியானம் அப்பா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். 48 விநாடி. "ஏ தாயி, மொட்டை மாடி டாங்க் நெறஞ்சு வழியுது. ஏறிப் பாத்துட்டு இப்பத்தான் எறங்குதேன்" என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒரு இடைவெளி. மூச்சு வாங்கும் சத்தம். "கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்." பிறகு டாங்க் வால்வைப் பற்றி மீதிப் பேச்சு.

நாலு தடவை கேட்டேன். அப்பா பேச்சில் அப்படி இடைவெளியே இருக்காது. அன்றைக்கு நான் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தம்பி, நீங்கள் சொல்வதுபடி பார்த்தால் இது இன்னும் மோசம் இல்லையா? மாயம் என்றாலாவது என் கையில் இல்லை என்று விடலாம். என் காது கேட்டிருக்கிறது. உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

சயான் நைட் ட்யூட்டி (புதன் காலை 8.20)

ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் படித்தேன், வீட்டுக்குப் போகும் முன் பதில் போட வேண்டும் போல் இருந்தது. நான் நர்ஸ்.

எங்கள் வார்டில் நோயாளி "சிஸ்டர், எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்று சொன்னால் நாங்கள் அதைச் சமாதானப்படுத்தித் தள்ளிவிடுவதில்லை. அது ஒரு அறிகுறி. ரத்தம் ஏற்றும்போது பொருந்தாத ரத்தமாக இருந்தால், காய்ச்சல் ஏறும் முன்பே சிலருக்கு அந்தப் பயம் வரும். மாரடைப்பிலும், நுரையீரலில் ரத்தக்கட்டு அடைக்கும்போதும், கடுமையான ஒவ்வாமையிலும் வரும். உடம்புக்குள் ஏற்கனவே ஆரம்பித்துவிட்ட ஒன்றை உடம்பு சொல்கிறது. உடனே நாடி, பிரஷர் பார்ப்போம், டாக்டரைக் கூப்பிடுவோம்.

ஆனால் அக்கா, அது நோயாளியின் சொந்த உடம்பு, பக்கத்தில் கருவியோடு நாங்கள். உங்களுக்குக் கிடைத்தது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூச்சுச் சத்தம். வயசானவர் மாடி ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும். எத்தனையோ பேருக்கு வாங்குகிறது, மறுநாள் கடைக்குப் போகிறார்கள். இதை வைத்து மாரடைப்பு என்று நானே சொல்லியிருக்கமாட்டேன்.

ஒன்று செய்யுங்கள். அந்த ஒரு நோட்டை மட்டும் கேட்காமல், முந்தின ஆறு மாத நோட்டுகளையும் கேளுங்கள். எத்தனை தடவை முழங்கால் வலி, தலைசுற்றல், தூக்கமில்லை என்று சொல்லியிருக்கிறார் என்று எண்ணுங்கள். நடந்து முடிந்தபிறகுதான் அதில் ஒன்று மட்டும் பெரிசாகக் கேட்கும்.

தூக்கம் எட்டு மாதமாகச் சரியில்லை என்றீர்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

கோரேகான் மாணவன் (புதன் மாலை 6.05)

சிஸ்டர் சொன்னதற்குப் பெயர் பின்னோக்குப் பிழை. 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போகும் முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் பாருக் ஃபிஷ்ஹாஃப். கூட ரூத் பெய்த் என்பவரும் இருந்தார். பயணம் முடிந்தபின், அன்றைக்கு நீங்கள் என்ன எண் போட்டீர்கள் என்று கேட்டார்கள். நடந்த விஷயத்துக்கெல்லாம், தாங்கள் உண்மையில் போட்டதைவிட அதிகமாகப் போட்டதாக நினைவு வைத்திருந்தார்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. விடை தெரிந்தபிறகு, தெரியாமல் இருந்த மனசைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நினைவும் அப்படியே. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டோம் என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டரை வருடம் கழித்துத் திரும்பக் கேட்டபோது பலர் சொன்னது வேறு. சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் சிலர் புது நினைவைத்தான் நம்பினார்கள்.

அக்கா, கோபிக்கக் கூடாது. குர்லாவில் வந்தது வயிற்றில் ஒரு கனம் என்று எழுதினீர்கள். அது அப்பாவைப் பற்றியது என்பது அந்த நிமிடமே தெரியுமா? அன்று காலை யாருக்காவது மெசேஜ் போட்டிருந்தால் பாருங்கள்.

தாராவிக்காரன் (புதன் இரவு 10.15)

கணக்கர் சார் எழுதியதை மூன்று நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வராதவர்கள் என்றீர்களே.

எங்கள் ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார், மராட்டிக்காரர். முதல் வகுப்பு பாஸ் வைத்திருந்தார். வழக்கமாக எனக்குப் பின்னால்தான் கிளம்புவார். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது என்று எனக்கு முன்னாலேயே போனார். செருப்புக் கடையில் நிற்கும்போது என்னைத் தாண்டித்தான் போனார், கையைக் காட்டினார். அவர் திரும்பி வரவில்லை.

இத்தனை வருடத்தில் செருப்புக் கதையை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். அவரை ஒரு தடவையும் சேர்த்துச் சொன்னதில்லை. எனக்கு மாடன்மேல் நம்பிக்கை போகவில்லை. ஆனால் அவருக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பூர் மகள் (வியாழன் இரவு 10.30)

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேரம் போனதே தெரியவில்லை.

கோரேகான் தம்பி சொன்னபடி தேடினேன். அந்தப் புதன் காலை 9.12-க்கு என் ஆபீஸ் தோழிக்கு நான் அனுப்பியது இருக்கிறது: "குர்லா. என்னமோ மாதிரி இருக்கு, வயித்தப் பெரட்டுது. ஆடிட்டை நெனச்சாலே பயமா இருக்கு." அன்றைக்கு ஆடிட் என்பதையே மறந்துபோயிருந்தேன். மெசேஜில் அப்பா இல்லை.

பைக்குள் போனைத் தொட்டது உண்மை. இதை அனுப்பத்தான் தொட்டேனோ என்னவோ. அப்பாவையும் நினைத்திருக்கலாம், திங்கள்கிழமை கேட்ட மூச்சு உள்ளே கிடந்திருக்கலாம். எது என்று இனிமேல் பிரிக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது. எட்டு மாதமாக அந்த பிளாட்பாரத்தில் அப்பா முகம் தெரிந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் அக்கா சொன்ன ஆறு மாத நோட்டுகளையும் கேட்டேன். முழங்கால் ஒன்பது தடவை. தலைசுற்றல் இரண்டு. மூச்சு வாங்குவது ஆடி மாதத்திலும் ஒன்று இருக்கிறது, அதற்கு நான் "டாக்டரைப் பாருங்கப்பா" என்று அனுப்பியிருக்கிறேன். அவரும் போய்ப் பார்த்திருக்கிறார். அது எனக்கு ஞாபகமே இல்லை.

டோம்பிவிலி டீச்சர் (வெள்ளி காலை 6.45)

மகளே, என் நம்பிக்கையை நான் விடவில்லை. பெற்றவர்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ இழை ஓடுகிறது என்றுதான் இந்த வயதிலும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்தேன். விரிச்சி கேட்கப் போன அந்தக் கிழவிகள், காத்திருக்கிறவளை ஆற்றத்தான் போனார்கள். நீ ஏன் முன்பே கேட்கவில்லை என்று யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. உன் பெரியம்மா சொன்னதை நீ சுமக்க வேண்டாம். அவளிடமே ஒருநாள் சொல், புரிந்துகொள்வாள்.

செம்பூர் மகள் (சனி இரவு 9.20)

நேற்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். திங்கள்கிழமை 14416-க்குப் பேசலாம் என்று இருக்கிறேன்.

இன்று அம்மாவிடம், மாடி ஏறினால் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்புறம், மேல் படியில் ஒரு நிமிஷம் நிற்பேன் என்றாள். செவ்வாய்க்கிழமை தம்பி இசிஜி எடுக்கக் கூட்டிப்போகிறான்.

அந்த வாய்ஸ் நோட்டை இன்று கடைசிவரை கேட்டேன். மூச்சு சீரானபிறகு இருபது விநாடிக்கு மேல், எந்தக் கடையில் வால்வு வாங்க வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம், பித்தளையில் கேட்கச் சொல்லு என்று தம்பிக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவே இல்லை. டாங்க் இன்னும் வழிகிறதாம். இப்போது தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.